ஜெர்மன் ஊசியும் பொங்கலூர் பல்சக்கரமும்

சட்டைக்குள் நீங்கள் போட்டிருக்கும் பனியனை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். (கழற்ற வேண்டாம். ஆபீஸில் இருப்பீர்கள்.) லேபிளில் 'மேட் இன் இந்தியா' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் முழு ஜாதகமும் இல்லை. பஞ்சு குஜராத்திலிருந்து லாரி ஏறி வந்திருக்கலாம். அதை நூலாக்கிய மெஷின் கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் பிறந்திருக்கலாம். நூலைத் துணியாகப் பின்னிய மெஷினுக்கு ஜெர்மனியோ, தைவானோ, சைனாவோ பூர்வீகம். தைத்த மெஷின் நெற்றியில் ஜப்பான் பெயர். இத்தனை பேரும் கூடி இழுத்த தேர்தான் உங்கள் பனியன்.

இந்தத் தேரில் எந்தச் சக்கரத்தை நம் ஊரில் செய்வது, எதை வெளியிலிருந்து வாங்குவது என்பதுதான் திருப்பூர் வட்டாரத்து டீக்கடைகளில் ஓயாமல் நடக்கும் பட்டிமன்றம். நடுவர் கிடையாது. தீர்ப்பும் கிடையாது. டீ மட்டும் உண்டு.

நான் பொங்கலூர்க்காரன். கோயமுத்தூர் - திருச்சி ரோட்டில் பல்லடம் தாண்டி, காங்கேயம் வருவதற்குள் பஸ்ஸில் கண்ணசந்துவிட்டால் எங்கள் ஊர் போய்விடும். முழித்திருந்தால் காற்றாலை, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு, நடுநடுவே தகர ஷீட் போட்ட கம்பெனிகள் எல்லாம் கண்ணில் படும். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று சொன்னால், "அது சரிங்க... வேலைக்கு எங்க போறீங்க?" என்று கேட்கிற ஊர். அதனால் மாசத்தில் சில நாள் மச்சானின் நிட்டிங் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இப்போது கல்யாண வீடுகளில் நாற்காலி போடுகிறார்கள்.

மச்சானிடம் இருப்பது ஆறு மெஷின். ஜாப் ஒர்க். பனியன் கம்பெனிக்காரர்கள் நூல் தருவார்கள். இவர் துணியாக்கிக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். நூலும் நம்முடையதில்லை, துணியும் நம்முடையதில்லை. மெஷின் மட்டும் நம்முடையது, அதுவும் பேங்க் லோன் முடிந்த பிறகு.

* * *

நிட்டிங் மெஷினைப் பார்க்காதவர்களுக்குச் சின்ன அறிமுகம். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் வட்டமான இரும்புச் சமாச்சாரம். சுற்றிலும் நூல் கோன்கள். நடுவில் ஒரு சிலிண்டர். அதன் ஓரம் முழுக்க, நெருக்கியடித்துக்கொண்டு ஊசிகள். 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் என்றால் ஒரு இஞ்சுக்கு 24 ஊசி என்று அர்த்தம். எட்டாங்கிளாஸில் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்த 'பை' சூத்திரம் வாழ்க்கையில் எனக்கு உபயோகப்பட்ட ஒரே இடம் இதுதான். 30-ஐ 3.14-ஆல் பெருக்கி, வந்ததை 24-ஆல் பெருக்கினால் சுமார் 2,260 ஊசிகள். ஒரே ஒரு மெஷினில்.

ஒவ்வொரு ஊசியின் தலையிலும் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியைத் திறந்து மூட, எறும்புக்குச் செய்த மாதிரி ஒரு குட்டிக் கதவு. அதற்கு லாட்ச் என்று பெயர். ஊசி மேலே எழும்பினால் கதவு திறக்கும், கொக்கி புது நூலைப் பிடிக்கும். கீழே இறங்கினால் பழைய கண்ணியே கதவை மூடிவிட்டு நழுவிப் போகும். 1840-களில் இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் மேத்யூ டவுன்செண்ட் என்பவர் கண்டுபிடித்த தந்திரம் இது. உலகத்தின் பனியன்கள் இன்னமும் பெரும்பாலும் இதில்தான் ஓடுகின்றன.

90 ஃபீடர் வைத்த மெஷின் நிமிஷத்துக்கு 25 சுற்று சுற்றினால், ஒவ்வொரு ஊசியும் நிமிஷத்துக்கு 2,250 தடவை ஏறி இறங்க வேண்டும். மணிக்கு 1,35,000 தடவை. நாம் மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கினாலே மெடிக்கல் லீவ் போடுகிற ஆட்கள். அந்த ஊசியில் ஒன்றே ஒன்றின் லாட்ச் முறிந்தாலும் துணியில் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு கோடு விழும். நீடில் லைன் என்பார்கள். செக்கிங்கில் அந்தக் கோட்டைப் பார்த்தால் முழு ரோலும் திரும்பி வரும். கூடவே வசவும்.

ஊசிக்கு ஜோடியாக வேலை செய்வது சிங்கர். இது தையல் மெஷின் கம்பெனி அல்ல, மேடையில் பாடுபவரும் அல்ல. ஊசி ஏறும்போது துணியும் கூடவே ஏறிவிடாமல் பிடித்துக்கொள்ளும் மெல்லிய தகடு. ஊசியை ஏற்றி இறக்கும் மேடு பள்ளமான பாதைக்குக் கேம் என்று பெயர். பின்னிய துணியைக் கீழே இழுத்துச் சுருட்டும் பகுதி டேக்-டவுன். இதற்கு மேல் சொன்னால் என்னை டிப்ளமோ என்று நினைத்துவிடுவீர்கள்.

* * *

இரண்டு வருஷத்துக்கு முன் மச்சானின் ஆறு மெஷினில் ஒன்று திடீரென்று நின்றது. பிட்டர் கழற்றிப் பார்த்தார். டேக்-டவுனில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பல்சக்கரம். அதில் மூன்று பல்லைக் காணோம். வெளிநாட்டு மெஷின். கம்பெனியின் பெயர் வேண்டாம். ஏஜெண்ட்டுக்குப் போன் போட்டார் மச்சான்.

"ஸ்டாக் இல்லைங்க சார். ஃபேக்டரிக்கு மெயில் போட்டிருக்கேன்."

"எப்ப வரும்?"

"மூணு வாரம் சார். அங்க இப்ப புத்தாண்டு லீவு. தனியா ஒண்ணு தரமாட்டாங்க, செட்டாத்தான் வாங்கணும்."

ஒரு பல்லுக்காக முப்பத்திரண்டையும் கட்டச் சொல்கிற டாக்டரைப் போல இருந்தது எனக்கு. மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இடத்தில் உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆபீஸில் ஜெராக்ஸ் மெஷின் நின்றால் நீங்கள் டீ குடிக்கப் போகலாம். நிட்டிங் மெஷின் நின்றால் டீக்காசு போய்விடும்.

கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் நான் ஒரு காகிதத்தை எடுத்தேன். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: மெஷின் ஒரு நாளைக்கு 250 கிலோ ஓட்டும், கூலி கிலோவுக்குப் பத்து ரூபாய். நாள் ஒன்றுக்கு 2,500 ரூபாய். இருபது நாள் நின்றால் 50,000. மெஷின் நின்றாலும் பேங்க் வட்டி நிற்காது, வாடகை நிற்காது, ஆப்பரேட்டரை வீட்டுக்கு அனுப்பினால் திரும்பி வரமாட்டார். பல்சக்கரத்தின் விலை சில ஆயிரம்தான். அதன் மேல் கப்பல் அல்லது விமானக் கூலி, இன்ஷூரன்ஸ், அடிப்படைச் சுங்கத் தீர்வை, அந்தத் தீர்வையின் மேல் சமூக நலக் கூடுதல் வரி, எல்லாவற்றின் மேலும் ஐ.ஜி.எஸ்.டி. இவ்வளவையும் கூட்டினாலும் நின்ற நாட்களின் நஷ்டத்துக்குப் பக்கத்தில் வரவில்லை.

காலேஜில் காஸ்ட் அக்கவுண்டிங் எடுத்த வாத்தியார் 'மலிவு என்பது விலைப்பட்டியலில் இல்லை' என்பதை மூன்று வருஷம் சொல்லித்தர முயன்றார். எனக்கு அது அந்தக் காகிதத்தில்தான் புரிந்தது. உதிரிபாகத்துக்கு இரண்டு விலை. ஒன்று பில்லில் இருப்பது. இன்னொன்று அது வந்து சேரும்வரை நாம் கட்டிக்கொண்டிருப்பது. டீக்கடைப் பட்டிமன்றத்தில் எல்லோரும் முதல் விலையை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள்.

எங்கள் பக்கத்துக் காற்றாலைக்காரர்களைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பலமாக அடிப்பது மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை. ஜூனில் கியர்பாக்ஸ் போய், ஸ்பேர் அக்டோபரில் வந்தால் அது கார்த்திகைக்கு வந்து சேர்ந்த தீபாவளிப் பட்டாசு.

* * *

மச்சான் பல்சக்கரத்தை ஒரு பழைய செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனார். நானும் போனேன். ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், சுவரில் முருகன் காலண்டர். பட்டறை அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். விசைத்தறிச் சாமான், போர்வெல் மோட்டார், டிராக்டர் டிரெய்லர் என்று எது வந்தாலும் பார்ப்பார். பல்லை எண்ணினார். வெர்னியர் வைத்து அளந்தார். பிறகு கேட்டார்:

"இது என்ன இரும்புன்னு ஏதாச்சும் தெரியுங்களா?"

யாருக்கும் தெரியவில்லை. மெஷினோடு வந்த புத்தகத்தில் படமும் பார்ட் நம்பரும் இருந்தன. இரும்பின் பெயர் இல்லை. எந்தக் கம்பெனியும் அதை எழுதி வைக்காது. அதுதானே அவர்கள் பிழைப்பு!

"அவசரம்னு சொல்றீங்க... கையில இருக்கற இ.என். 8-லயே பண்ணித் தர்றனுங்க. ஓடும். எத்தனை நாளைக்குன்னு சத்தியம் பண்ண முடியாதுங்க."

மறுநாள் சாயங்காலம் சக்கரம் வந்தது. மெஷின் ஓடியது. விலை வெளிநாட்டுச் சாமானில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மச்சானுக்கு நாட்டுப்பற்று பொங்கியது. நாலு மாசம் கழித்துப் பல் தேய்ந்து மெஷின் மறுபடியும் உதற ஆரம்பித்ததும் பொங்கியது அடங்கியது.

"லோக்கல்னா லோக்கல்தான் மாப்ளே!"

இந்த வரியை எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வாயிலாவது கேட்கலாம். மச்சான் அதற்குள் ஏஜெண்ட்டிடம் சொல்லி வைத்திருந்த ஒரிஜினலை எடுத்து மாட்டிவிட்டார். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முடிக்கவிடாதவர் பட்டறை அண்ணன். தேய்ந்த தன் சக்கரத்தையும் உடைந்த ஒரிஜினலையும் கேட்டு வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் போனார். டெஸ்ட் பண்ணும் இடத்தில் கொடுத்து, என்ன இரும்பு, எவ்வளவு கடினம் என்று எழுதி வாங்கினார். இ.என். 353-இல் இன்னொரு சக்கரம் வெட்டினார். வெட்டியதைக் கோவையிலேயே கேஸ் ஹார்டனிங் செய்தார். அதாவது மேல்தோல் மட்டும் கடினமாகி, உள்ளே கொஞ்சம் வளைந்து கொடுக்கும்படி கரியூட்டிச் சுடுவது. முறுகலாக வெளியே, மெத்தென்று உள்ளே, பணியாரம் மாதிரி.

செலவு முதல் சக்கரத்தைவிட இரண்டு மடங்கு ஆயிற்று. வெளிநாட்டு விலையை அப்போதும் தொடவில்லை. அது மச்சானின் நாலாம் நம்பர் மெஷினில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் நம்பரில் ஒரிஜினல். மெஷினுக்குப் பாஸ்போர்ட் வாங்கிப் பார்க்கும் பழக்கம் இல்லை.

* * *

"அப்படியானால் ஊசியையும் பொங்கலூரிலேயே செய்துவிட வேண்டியதுதானே?" என்று உணர்ச்சிவசப்படும் நண்பர்கள் கொஞ்சம் உட்காரவும்.

ஊசி வேறு ஜாதி. ஜெர்மனியின் எபிங்கன் ஊரில் தியோடோர் குரோஸ் என்பவர் ஊசித் தொழிலைத் தொடங்கியது 1852-இல். அவர் வழிவந்த குரோஸ்-பெக்கர்ட் ஊசிதான் எங்கள் பக்கம் பெரும்பாலோர் கேட்டு வாங்குவது. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும் சாமான் அது. ஒரு ஊசி நன்றாக வந்தால் போதாது. 2,260 ஊசியும் ஒரே அச்சாக வர வேண்டும். தனித்தனியாகக் கெட்டிக்காரர்களாக இருப்பது நமக்குச் சுலபம். ஒரே மாதிரி கெட்டிக்காரர்களாக இருப்பதுதான் கஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் ஊர் ஆட்கள் பெருமையாக 'ஜெர்மன் ஊசி' என்று சொல்வது ஜெர்மனியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் கம்பெனிக்கு 1960-களிலிருந்தே சண்டிகரில் தொழிற்சாலை உண்டு. ஜெர்மன் நுட்பம், பஞ்சாபிக் கை, தமிழ்நாட்டு மெஷின் ஷெட். இதை உள்நாடு என்பீர்களா, வெளிநாடு என்பீர்களா? பட்டிமன்றத்தின் தலைப்பே ஆட்டம் கண்டுவிடுகிறது.

வாங்கிய மெஷினின் ஊரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஜெர்மனியில் நிட்டிங் மெஷின் செய்துவந்த டெரட் கம்பெனியை 2024-இல் சாண்டோனி ஷாங்காய் வாங்கியது. 'ஜெர்மன் மெஷின்' என்று கடன் வாங்கி இறக்கியவருக்கு, ஸ்பேர் விஷயத்தில் சம்பந்தி வீடு சைனா ஆகிவிட்டது.

* * *

எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். நூற்கும் மெஷினைக் கோவையிலேயே செய்கிறோம். பின்னும் மெஷினை மட்டும் ஏன் கடல் கடந்து கொண்டுவருகிறோம்? இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர்தானே தூரம்?

கோவையின் கதை இது. 1926-இல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து எலெக்ட்ரிக் மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். 1962-இல் மில் குடும்பத்தைச் சேர்ந்த ஜி.கே. தேவராஜுலு, சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியின் கூட்டோடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸைத் தொடங்கினார். மெஷின் தேவைப்பட்டவர்களே மெஷின் செய்ய இறங்கினார்கள். கிணறு பக்கத்தில் இருந்தது, பம்பு செட் வந்தது. மில் பக்கத்தில் இருந்தது, ஸ்பின்னிங் மெஷின் வந்தது. பழுதானால் செய்தவனின் சட்டையைப் பிடிக்க முடிந்தது. அதனால் அடுத்த மெஷின் இன்னும் நன்றாக வந்தது. இறக்குமதிக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்த காலம் என்பதும் ஒரு காரணம்.

திருப்பூரின் ஏற்றுமதி சூடு பிடித்தது 1980-களில். அப்புறம் கதவுகள் திறந்துவிட்டன. 1990-இல் வந்த இ.பி.சி.ஜி. திட்டத்தில் சலுகைத் தீர்வையில் மெஷின் இறக்கலாம். பதிலுக்கு ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். இப்போதைய விதிப்படி மிச்சமான தீர்வையைப் போல ஆறு மடங்கு, ஆறு வருஷத்தில். 1999-இல் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி என்று வட்டி மானியமும் வந்தது. நல்ல திட்டங்கள்தான். அவை இல்லாவிட்டால் திருப்பூர் இந்த உயரத்துக்கு வந்திருக்காது. உள்நாட்டு மெஷின் வாங்குகிறவருக்கு ஏற்றுமதிக் கடமையில் 25 சதவீதம் குறைவு என்றுகூட விதியில் இருக்கிறது. ஆனால் மில் முதலாளிகளைப் போல நாலு பேர் கூடி ஒரு மெஷின் கம்பெனி தொடங்க, ஆறு மெஷின் வைத்திருக்கும் என் மச்சான்களால் ஆகுமா? ஆளுக்கொரு ஷெட், ஆளுக்கொரு லோன், ஆளுக்கொரு ஏஜெண்ட்.

ஆக, முழு மெஷினையும் நாளைக்கே செய்துவிடுவோம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊசியை விட்டுவிடுங்கள். அது அலமாரியில் பெட்டி பெட்டியாக முன்கூட்டியே வாங்கி வைக்கிற சாமான். எந்தச் சாமான் போனால் மெஷின் சட்டென்று நிற்குமோ, எதை யாரும் ஸ்டாக் வைப்பதில்லையோ, அந்தப் பல்சக்கரம், புஷ், ஷாஃப்ட், புல்லி எல்லாம் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் போய் வாங்கிவரும் தூரத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் உலகத்தின் வழியை அடைத்தது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. பல்லடம் ரோட்டில் அதிகபட்சம் கோழி லாரி குறுக்கே நிற்கும். அரை மணியில் நகர்ந்துவிடும்.

* * *

இவ்வளவும் தெரிந்தும் ஏன் 'லோக்கல்னா லோக்கல்தான்' என்கிறோம்? இந்தக் கேள்விக்கு விடை லேத்தில் இல்லை. என் மேஜை மேல் இருக்கும் லெட்ஜரில் இருந்தது.

வெளிநாட்டுச் சாமானுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே போக வேண்டும், இல்லையென்றால் பேங்க்கில் எல்.சி. திறக்க வேண்டும். அதில் மச்சான் ஹரிச்சந்திரன். பட்டறை அண்ணனின் பில்லோ, கம்பியில் குத்தி வைத்த காகிதம். தீபாவளிக்கு ஒரு தொகை, பொங்கலுக்கு ஒரு தொகை. அதிலும் 'ரவுண்டாக' ஐந்நூறு குறைத்து. மச்சான் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான். ஒரு நாள் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏனுங்கண்ணா, முதல் சக்கரத்தையே அந்த நல்ல இரும்புல பண்ணியிருக்கலாமில்லைங்க?"

லேத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"பண்ணலாமுங்க தம்பி. அந்த இரும்பு வாங்கோணும்னா கடையில ரொக்கம் கேக்கறான். சுடற எடத்துல ரொக்கம் கேக்கறான். வெளிநாட்டுக்காரனுக்கு நீங்க பணம் கட்டினாத்தான் சாமான் கப்பலேறும். எனக்குச் சாமான் மெஷின்ல ஏறி, ஓடித் தேஞ்சு, நீங்க அதைத் தூக்கி வீசினதுக்கப்புறந்தான் பணம் வருது. அப்ப நான் எந்த இரும்புல பண்ணட்டும்? சொல்லுங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் தொடர்ந்தார்:

"பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிருக்கானுங்க. லேத்துக்கு வாடான்னா, மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வர்ற எடத்துக்குப் போறேங்கறான். அவன் சொல்றதும் நாயந்தானுங்களே? எனக்கப்புறம் இந்த ஷெட்டைக் கோழித் தீவனம் வெக்க வாடகைக்குக் கேட்டிருக்காங்க."

நான் அதுவரை 'உள்நாடா, வெளிநாடா' என்பதை நமக்கு எப்போதும் இருக்கும் இரண்டு சாய்ஸ் என்று நினைத்திருந்தேன், ஹோட்டலில் இட்லியா தோசையா மாதிரி. அந்த ஷெட்டில் தீவன மூட்டை ஏறிய நாளிலிருந்து சாய்ஸ் கிடையாது. மூணு வாரம், செட்டாகத்தான் வாங்கணும், அங்க புத்தாண்டு லீவு. அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-இன் சிறு, குறு தொழில் மேம்பாட்டுச் சட்டம், சிறுதொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டு வட்டி என்கிறது. எந்த லேத்துக்காரர் தன் வாடிக்கையாளர் மேல் கேஸ் போடுவார்? போட்டால் அடுத்த சக்கரம் வேறு பட்டறைக்குப் போகும். அதனால் 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் செருகியது. பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளருக்கு உரிய கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தச் செலவைக் கொடுத்த வருஷத்தில்தான் கழித்துக்கொள்ளலாம். 2024 மார்ச் நெருங்கியபோது எங்கள் வட்டாரத்து ஆடிட்டர் ஆபீஸ்களில் நடந்த ஓட்டத்தை வைத்து ஒலிம்பிக்குக்கு ஆள் எடுத்திருக்கலாம். மனசாட்சி கேட்காத கேள்வியை இன்கம்டாக்ஸ் கேட்டது.

* * *

மச்சானைக் குறை சொல்வது சுலபம். அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனி அவருக்கு மூணு மாசம் கழித்துத்தான் கூலி தருகிறது. அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டு பையர் தருவதும் தவணைதான். 2020 கொரோனாவில் உலகத்தின் பெரிய பிராண்டுகள் பல, போட்ட ஆர்டர்களைப் பாதியில் ரத்து செய்ததை மறந்திருக்கமாட்டீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி என்றது. திருப்பூரில் ஆர்டர்கள் அப்படியே நின்றன. அந்த வரிக்குப் பின்னால் இருந்த வாதங்களில் ஒன்று என்ன? 'ஏன் வெளியில் வாங்க வேண்டும், நம் ஊரிலேயே செய்வோம்.' நாம் டீக்கடையில் பேசும் அதே வாதம்!

2005 ஜனவரி முதல் தேதி உலகத் துணி வியாபாரத்தில் கோட்டா முறை ஒழிந்தபோது திருப்பூருக்கு வழி அகலமானது. அமெரிக்காவின் கரோலினாப் பக்கத்துத் துணி மில்காரர்களுக்குப் பிழைப்பு இன்னும் சுருங்கியது. அவர்களுடைய டீக்கடையில், அதாவது காபிக்கடையில், 'வெளிநாட்டுச் சாமான்' என்றால் அது நாம்தான். பொங்கலூரில் நின்று பார்த்தால் தைவான் வெளிநாடு. கரோலினாவில் நின்று பார்த்தால் பொங்கலூர் வெளிநாடு.

ஆகவே 'எல்லாம் நம்மூர்லயே' என்று கோஷம் போட எங்களுக்கு அருகதை இல்லை. உலகம் அப்படிக் கிளம்பினால் முதலில் பூட்டுவது எங்கள் ஷெட்டைத்தான். ஆனால் பையர் எங்களை நடத்துவது அநியாயம் என்று சொல்லிக்கொண்டே, அதையே கீழே இருக்கும் லேத்துக்காரருக்குச் செய்கிறோமே, அதை நிறுத்துவதற்கு எந்த நாட்டு ஜனாதிபதியின் அனுமதியும் தேவையில்லை. சக்கரத்தைக் கொடுக்கும்போது என்ன இரும்பு, எவ்வளவு கடினம் என்று ஒரு சீட்டும் கொடுக்கலாம். ஹார்டனிங் செய்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கலாம். கேட்டபடி செய்தால் சொன்ன தேதியில் பணம் கொடுக்கலாம். வெளிநாட்டுக்காரனிடம் காட்டும் மரியாதையில் பாதி போதும், தரம் தானாக வரும்.

போன வருஷம் ஏப்ரலில் புதுக்கணக்கு போட்டபோது லெட்ஜரில் ஒரு சின்ன வேலை செய்தேன். அதுவரைக்கும் பட்டறை அண்ணனின் பில்கள் எல்லாம் 'இதர செலவுகள்' என்ற தலைப்பின் கீழே, டீ, சாமி படத்துக்குப் பூ, பெருமாள் கோயில் நன்கொடை இவற்றோடு உட்கார்ந்திருந்தன. அவர் பட்டறைப் பெயரில் தனியாக ஒரு பக்கம் திறந்தேன். ஓரத்தில் 30 நாள் என்று கெடு எழுதினேன். மச்சான் இரண்டு நாள் முனகினார். மூன்றாம் நாள், "சரி, போட்டுத் தொலை மாப்ளே. திட்டறதுக்காச்சும் பக்கத்துல ஒரு ஆள் வேணுமே" என்றார்.

முதல் மாதம் சரியாக முப்பதாம் நாள் பணத்தை பேங்க்கில் அனுப்பினேன். ரவுண்டு பண்ணாமல், முழுசாக. பத்தே நிமிஷத்தில் பட்டறையிலிருந்து போன்.

"தம்பி, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. வேற யாருக்கோ அனுப்ப வேண்டியதை எனக்கு மாத்தி அனுப்பிட்டீங்களாட்டம் இருக்குதுங்க. பார்த்துச் சொல்லுங்க, திருப்பிப் போட்டறனுங்க."